ஞாயிறு இரவுக் கச்சேரியும் திங்கள் விடியல் வலையும்: ஒரு கடற்கரைப் பூங்கா பற்றிய நிகழ்வு ஆய்வு

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மீனவ ஊரின் ஓரத்தில், அரசு நிலத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. சவுக்குத் தோப்பை ஒட்டி ஊஞ்சலும் சறுக்கு மரமும் சிமென்ட் பெஞ்சுகளும் போட்டு, கடல் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி அடித்த இடம் அது. அங்கே இரண்டு முறை பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. மூன்றாவதற்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஊரின் பெயரையும், நடத்திய நிறுவனங்களின் பெயரையும், அனுமதி கொடுத்த அலுவலகத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். முதல் நிகழ்ச்சிக்குப் பிறகு ஊராரின் மனுவை எழுதிக்கொடுத்தவன் நான் என்பதால், இந்த ஆய்வை நடுநிலையாளனின் அறிக்கையாக யாரும் வாசிக்க வேண்டாம்.

ஊரைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்தால்தான் புகார்கள் புரியும். இங்கே விசைப்படகு கிடையாது. வத்தை, சிறு வள்ளம் போன்ற நாட்டுப்படகுகளில் கரையை ஒட்டிய கடலில் நண்டு வலையும் மீன் வலையும் விடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். மாலையில் வலையை விட்டுவிட்டு வந்து, விடியலுக்கு முன் மூன்று மணிக்கெல்லாம் மறுபடியும் இறங்கி வலை எடுப்பது நண்டுக்காரர்களின் வழக்கம். ஆகவே இரவு ஏழரைக்குச் சோறு, எட்டு மணிக்குப் பாய். கிறிஸ்தவ ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை வலை விடுவதும் இல்லை. ஞாயிறு மாலை வலை கடலுக்குள் போகும், திங்கள் விடியலில் வாரத்தின் முதல் நண்டு கரைக்கு வரும். பூங்காவின் கிழக்கு முனையில் கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்றே வலை இழுக்கும் இடம், ஒன்று இருக்கிறது; அங்கே வலை இழுப்பவர்கள் வெறுங்காலுடன் மணலில் நிற்கிறவர்கள். சவுக்குத் தோப்புக்குள் இரண்டு ஊற்றுகள். மணலைத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றி எடுத்துப் போவது இந்தக் கரையின் பழைய ஏற்பாடு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் சமையலுக்கு அந்த ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்லும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் நிகழ்ச்சி தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. ஞாயிறுதான் மதுரையிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் குடும்பத்தோடு கிளம்பிவர வசதியான நாள் என்பது நடத்தியவர்களின் கணக்கு, அதில் தவறில்லை. மேடையைக் கடலுக்கு முதுகு காட்டி அமைத்தார்கள். பாடுகிறவருக்குப் பின்னால் அலை தெரிய வேண்டும், கேமராவில் அழகாக விழ வேண்டும் என்பதற்காக. அதனால் ஒலிபெருக்கி வரிசைகள் இரண்டும் நேராக ஊரைப் பார்த்தன. மதியத்திலிருந்தே ஜெனரேட்டர் ஓடியது. நாலு மணிக்கு ஒலிச் சோதனை தொடங்கியது. கூட்டம் இருட்டிய பின் கூடியது. பத்து மணிக்கு நிறுத்திவிட்டோம் என்று நடத்தியவர்கள் பிறகு எழுதிக் கொடுத்தார்கள். பாட்டு பத்து மணிக்கு நின்றது உண்மைதான். கூட்டம் கலைந்து, வண்டிகள் நகர்ந்து, மேடையின் இரும்புச் சட்டங்களைக் கழற்றி லாரியில் போடும் சத்தம் ஓய்ந்தபோது மணி இரண்டு. மூன்று மணிக்குக் கடலுக்கு இறங்க வேண்டியவர்களில் பலர் அன்று இறங்கவில்லை. ஞாயிறு மாலை விட்ட வலை கூடுதல் நேரம் கடலிலேயே கிடந்தது. வலையில் செத்துப்போன நண்டுக்கு வியாபாரி உயிர் நண்டின் விலை தருவதில்லை.

மனு எழுத உட்கார்ந்தபோது நான் கற்ற முதல் பாடம், ஊராரின் குறையும் சட்டத்தின் மொழியும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன என்பது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு மணிக்கு முடிகிறது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45 டெசிபல். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவில் திறந்தவெளியில் கூடாது. கலை, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் பத்திலிருந்து நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். எட்டு மணிக்குப் படுத்து இரண்டரைக்கு எழும் ஊருக்கு இந்தக் கடிகாரம் பொருந்தவில்லை. அந்த ஊரின் தூக்கத்தில் முதல் இரண்டு மணி நேரம் சட்டத்தின் பார்வையில் பகல்.

அந்தப் பகலுக்கான வரம்பையாவது நிகழ்ச்சி மதித்ததா என்றால் அதுவும் இல்லை, மதித்திருக்கவும் முடியாது. இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் ஒலி அளவு அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, அல்லது 75 டெசிபலைத் தாண்டக்கூடாது, இரண்டில் எது குறைவோ அது என்கிறது அதே விதி. குடியிருப்புப் பகுதிக்கு, பகலில், 65 டெசிபல் என்று கணக்கு வருகிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 30 மீட்டரில், ஒலிக் கலவை மேசை இருக்கும் இடத்தில், 95 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கச்சேரிக்கு இது மிகையான எண் அல்ல. 60 மீட்டரில் 89, 120-இல் 83, 240-இல் 77, 480-இல் 71, 960 மீட்டரில்தான் 65. ஆக, விதியை எழுத்துப்படி காப்பாற்ற வேண்டுமானால் ஒலிபெருக்கி பார்க்கும் திசையில் பூங்காவின் வேலி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மரமும் சுவரும் மணலும் கொஞ்சம் உறிஞ்சும் என்று தள்ளுபடி கொடுத்தாலும் இந்தப் பூங்காவுக்குள் அந்தக் கணக்கு அடங்காது; இங்கே மேடையிலிருந்து ஊரின் முதல் வீடு என் நடைக்கு நானூறு எட்டுகூட இல்லை. அனுமதிக் கடிதத்தில் ‘ஒலி மாசு விதிகளுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி இருந்தது. கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அந்த வரி நடக்காத காரியம் என்று தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் அன்று இரவு யாரும் அளவுக் கருவியோடு வரவில்லை.

அளந்திருந்தாலும் முழு உண்மை கிடைத்திருக்காது. ஊர்க் கூட்டத்தில் ஒருவரும் பாட்டு காதைக் கிழித்தது என்று சொல்லவில்லை. “நெஞ்சுல இடிச்சுது சார், பாயில கையை வச்சா தரை அதிருது” என்றார் ஒரு வத்தைக்காரர். குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்த உத்தரத்திலிருந்து தூசி விழுந்தது என்றார் ஒரு பெண். இது சப்வூஃபரின், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிக்கான பெட்டியின், வேலை. விதிகளில் சொல்லப்படும் டெசிபல், மனிதக் காதின் கூர்மைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட ‘ஏ’ அளவுகோல். அந்த அளவுகோல் தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்துக் காட்டும்: 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபல் கழித்துவிடும். அதாவது, அந்த அலைவரிசையில் 80 டெசிபல் அடி விழுந்தாலும் கருவி 54 என்று காட்டும், வரம்பு 55, எல்லாம் சட்டப்படி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைநீளமே ஏறக்குறைய 7 மீட்டர். அதை ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஓலைத் தட்டியும் தடுக்காது. ஒற்றைச் செங்கல் சுவரும் பெரிதாகத் தடுக்காது. ஊரில் இளைஞர் ஒருவர் தன் கைபேசிச் செயலியில் எடுத்த எண்களை மனுவில் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. தரநிர்ணயம் செய்யப்படாத கருவியின் எண்ணை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்; தொட்டிலின் தூசியை அவ்வளவு எளிதில் உடைக்க முடியாது.

இதற்கு மேல் காற்று. தை மாதத்தில் இந்தக் கரையில் வாடை வீசும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று, வடக்கே பார்த்திருக்கும் கடலிலிருந்து ஊருக்குள் நுழைகிறது. காற்று போகும் திசையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும்; எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து, தரையில் நிற்பவருக்குக் கேட்காமலே போகும். மேடை ஊரைப் பார்த்திருக்க, வாடையும் அதே திசையில் தள்ள, அன்று இரவு பிரதான சாலைக்கு அப்பால் உள்ள பனங்காட்டு வீடுகளிலிருந்தும் புகார் வந்ததில் வியப்பில்லை.

பேச்சுவார்த்தைக்கு வந்த நடத்துநர் தரப்புப் பிரதிநிதி கெட்டிக்காரர். “உங்க ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் குழாய் கட்டுறீங்களே, அப்ப யாரு தூங்குனா?” என்று கேட்டார். கூட்டம் ஒரு கணம் வாயடைத்துப் போனது. கேள்வி நியாயமானது. கொடியேற்றம் தொடங்கித் தேர்ப்பவனி வரை பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பக்கத்து ஊர் வரை கேட்கும். இந்த மாவட்டத்தில் சந்தனக்கூடும் முளைப்பாரியும் அப்படித்தான். பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த வழக்கே சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி பற்றியதுதான். ஆகவே திருவிழாச் சத்தம் புனிதம், கச்சேரிச் சத்தம் பாவம் என்று நான் மனுவில் எழுதவில்லை. எழுதச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பதிலைச் சொன்னவர் கிராமத் தலைவர். அவர் குரல் உயரவில்லை. “தம்பி, தேர் அன்னைக்கு ஒரு வத்தையும் கடல்ல இருக்காது. மறுநாளும் இருக்காது. ஊரே கூடி முடிவு பண்ணி வலையைச் சுருட்டி வச்சிட்டுத்தான் குழாய் கட்டுறோம். நீங்க வந்த அன்னைக்கு எங்க வலை தண்ணிக்குள்ள கிடந்துச்சு.” இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குத் தெளிவு தந்த வாக்கியம் இதுதான். ஊர் தன் சத்தத்துக்குத் தானே விடுமுறை எடுத்துக்கொள்கிறது. வெளியார் சத்தத்துக்கு விடுமுறை வெளியாருக்கு மட்டுமே. புகாரின் மையம் டெசிபல் அல்ல, நாள்காட்டி. அதன் பிறகு மனுவை அடித்துத் திருத்தி, ‘நிகழ்ச்சி கூடாது’ என்று தொடங்கியதை, ‘நாளை நிர்ணயிக்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும்’ என்று தொடங்கும்படி மாற்றினோம். இளைஞர்கள் இதை வரவேற்றார்கள். முதல் நிகழ்ச்சியில் வேலிக்கு வெளியே நின்று கடைசிப் பாட்டு வரை ஆடியவர்கள் அவர்கள்தானே.

பிரதிநிதி ஒரு மாற்று சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது நடத்தினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்றார். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து யோசிக்கிற எவருக்கும் இது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதமும் சந்தையில் மீன் குறைந்து விலை ஏறும் காலம். வருடத்தில் அவர்கள் தூக்கத்தைக் குறைத்தாவது கடலுக்குப் போகும் காலம். ‘மீனவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

கூட்டமும் வழியும் குறித்த புகார்களை அலுவலர்கள் ஒலியைவிடக் கவனமாகக் கேட்டார்கள். காரணம் அவர்களுக்கும் தெரிந்ததே. 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ஏ. ஆர். ரகுமான் நிகழ்ச்சியில் சீட்டு வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், சாலை மணிக்கணக்கில் அடைத்தது. இங்கிருந்து கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி ஹரிஹரன் நிகழ்ச்சியில் தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் புகுந்து குழப்பம் விளைந்தது; அதுவும் ஒரு பொது வெளிதான். மட்டமான தரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்பது கூட்டத் திட்டமிடலில் கையாளப்படும் கணக்கு. இந்தப் பூங்காவின் வாசல் மூன்று மீட்டர் இருக்கும். பத்தாயிரம் பேர் உள்ளே இருந்தால், யாரும் தள்ளாமல், தடுக்கி விழாமல் வெளியேற நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். காலடியில் இருப்பதோ மணல்.

வாசலைத் தாண்டினால் ஊருக்குள் புகுந்து பிரதான சாலைக்குப் போகும் ஒரே தார்ச்சாலை. அன்று இரவு மூச்சுத் திணறிய பெரியவர் ஒருவரை, 108 வண்டி பிரதான சாலையிலேயே நின்றுவிட்டதால், இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து ஊர் எல்லைவரை கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார். பிரதான சாலையும் சாதாரணச் சாலை அல்ல: தீவுக்குப் போக 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வண்டிகளுக்கு வேறு வழி கிடையாது என்பதால், இராமேசுவரம் போகிற வருகிற எல்லா வாகனமும் அந்த ஒரே தடத்தில்தான். தை அமாவாசையும் கச்சேரியும் ஒரே வாரக் கடைசியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காவல் துறை அலுவலர் ஒருவரே கூட்டத்தில் கேட்டார்.

குப்பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் ஒரே கதை. இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். வண்டிகளைத் தோப்புக்குள் நிறுத்தியதால் ஒரு ஊற்று மிதிபட்டு மூடிப்போனது. மற்றதைச் சுற்றி ஆண்கள் ஒதுங்கிய நாற்றம். கழிவறை வண்டிகள் வந்திருந்தன, ஆனால் மேடைக்கு அந்தப் பக்கம். இன்னொன்று, உடைந்த பாட்டில். கரைவலைக்காரர்கள் இரண்டு நாள் வலை இழுக்காமல் வாரியால் மணலைச் சலித்தார்கள். அப்படியும் ஒருவருக்குக் குதிகாலில் தையல்.

இரண்டாம் நிகழ்ச்சி ஆவணியில் வந்தது. நடத்தியவர்கள் அதே நிறுவனம். இம்முறை கிராமத் தலைவருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, சனிக்கிழமை என்று முடிவு செய்தார்கள். மேடையைத் திருப்பினார்கள்: முதுகு ஊருக்கு, ஒலிபெருக்கி கடலுக்கு. சப்வூஃபர் பெட்டிகளை, பின்பக்கம் ஒலி குறையும்படி ஒன்றை எதிர்முகமாகத் திருப்பி அடுக்கும் முறையில் வைத்ததாக அவர்களின் ஒலிப் பொறியாளர் எனக்கு விளக்கினார். தொழில் தெரிந்த மனிதர், பொறுமையாகவும் பேசினார். ஒன்பதரைக்குப் பாட்டு நின்றது. மேடை கழற்றும் வேலையை மறுநாள் காலைத் திருப்பலி முடிந்த பிறகு வைத்துக்கொண்டார்கள். தோப்பில் வண்டி நிற்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் வாசலுக்கு வெளியே மீன் வறுத்து விற்றார்கள். முதல் முறை அந்த இடம் முழுவதும் ஒப்பந்தக்காரரின் கடைகளுக்குப் போயிருந்தது. புகார் என்று எழுத்தில் வந்தது பாட்டில்களைப் பற்றி மட்டுமே. கண்ணாடிப் பாட்டிலைத் தடுக்கும் நிபந்தனை இம்முறையும் கடிதத்தில் இடம்பெறவில்லை.

இதை மேடையைத் திருப்பியதன் வெற்றி என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் ஆவணியில் வீசுவது கச்சான். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அந்தக் காற்று, ஒலியை ஊரிலிருந்து கடல் பக்கம் தள்ளியிருக்கும். மேடையும் திரும்பியது, காற்றும் திரும்பியது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வாடைக் காலத்தில் அதே அமைப்பில் ஒரு நிகழ்ச்சியை அளந்து பார்க்க வேண்டும். மேலும், கடலைப் பார்த்து ஒலியும் ஒளியும் பாய்ந்ததில் புதிதாக ஒரு குறை முளைத்தது. இரவில் கரை திரும்பிய பக்கத்து ஊர் வள்ளக்காரர்கள், மேடையின் ஒளிக்கற்றை கண்ணில் அடித்ததால் கரை அடையாளம் தெரியாமல் தடுமாறியதாகச் சொன்னார்கள். அவர்கள் முதல் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்ல.

சனிக்கிழமை என்ற தீர்வும் இந்த ஊருக்கு மட்டுமே செல்லும். கரையோரமாகச் சில கிலோமீட்டர் போனால் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத இஸ்லாமிய மீனவர் ஊர் வரும். அங்கே கேட்டால் வியாழன் இரவு என்பார்கள். அனுமதி விண்ணப்பப் படிவத்தில் இடம், நாள், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி விவரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மறுநாள் அந்த ஊர் கடலுக்குப் போகிறதா என்பதற்குக் கட்டம் இல்லை. ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மனுவின் கடைசிப் பத்தியில் கேட்டிருந்தோம். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது; இரண்டாம் முறை ஊரைக் கேட்டது அந்த நிறுவனத்தின் நல்லெண்ணத்தால் நடந்ததேயன்றி, யாரும் கட்டாயப்படுத்தியதால் அல்ல.

மூன்றாவது விண்ணப்பம் மாசி மாதத்துக்கு. வாடை இன்னும் அடங்காத காலம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மாவட்டக் கரைகளில், குறிப்பாகத் தனுஷ்கோடிப் பக்கம், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவமும் அதுவே. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கும் மாதங்களில் கடலை நோக்கிய ஒளிக்கற்றைக்கு எப்படி அனுமதி தருவது என்ற கேள்வியை ஊரார் அல்லாத ஒருவர் இம்முறை எழுப்பியிருக்கிறார். விண்ணப்பித்திருப்பது வேறு நிறுவனம். வரைபடத்தில் மேடை கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. நாள் என்ற கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று நிரப்பியிருக்கிறார்கள்.